கதவுக்குப் பின்னால் நின்ற கோட்டு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். தங்கை பரீட்சைக்குப் படிக்கிறாள், மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அத்தை இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதைக் கேட்டிருக்க மாட்டாள்.

நம் வீட்டு ஞாயிறு வீடியோ போன் ஸ்பீக்கரில்தான் என்பது உனக்குத் தெரியாததல்ல. வழக்கம்போல் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா ஏன் இல்லை என்று நீ கேட்கவே இல்லை. உன் பதிவுத் திருமணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, அளவுக்குக் குத்திய ஊசிகளோடு, திடீரென்று வந்து உனக்குக் காட்டுவதற்காகக் கதவுக்குப் பின்னால் நின்றார். அப்போதுதான், “ஃபிராங்க்லி சொல்றேன்மா, அவங்க வீட்ல எல்லாரும் டாக்டருங்க, அப்பா ஸ்கூல் வேன் கதையையே சத்தமா பேசிட்டிருப்பாரு, நீயும் சித்தப்பாவும் வந்தா போதும்” என்றாய். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை சும்மா இருப்பாளா, “அந்த வேன் ஓடினதாலதான்டி நீ பறந்தே” என்றாள், நீ அதற்குள் வைத்துவிட்டாய். அப்பா கோட்டைக் கழற்றிவிட்டு வந்து, “அன்னிக்கு வண்டிய சர்வீஸுக்கு விடணும், எப்படியும் என்னால வர முடியாது” என்றார். கழுத்தில் ஊசி கீறியிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

நானும் ஆங்கிலம் படித்தவள்தான். ‘ஃபிராங்க்லி’ என்ற அந்தச் சொல்லுக்கு ஒளிவுமறைவில்லாமல் என்று பொருள். ஆனால் ‘ஃபிராங்க்லி, உன்னை நினைத்து ஏங்குகிறேன்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் மேனேஜர் அப்படி ஆரம்பித்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அடிப்பதற்கு முன்பே கை கழுவிக்கொள்கிற சொல் அது. நீ சொன்னதில் பொய்யில்லை, அவர் சத்தமாகத்தான் பேசுவார். பொய்யாக இருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

நானும் வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர் இல்லாமல் நான் வர மாட்டேன், சித்தப்பாவும் வர மாட்டாராம். கோட்டு ஊசிகளோடு ஆணியில் தொங்குகிறது, தையல்காரர் கேட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைக்காதே. எல்லோர் காதிலும் விழச் சொன்னாய், எல்லோர் காதிலும் விழவே அவரைக் கூப்பிடு.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும், அந்த ஆசியில் நான் எதையும் குறைக்கவில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை போன் சர்க்கரை டப்பாவில்தான் சாய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா