பாட்டிலுக்குப் பின்னால் ஒரு சீட்டு

அன்புள்ள கோபக்காரிக்கு,

அக்கா வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாயே, இன்றே போ. அந்த மேட்டில் காற்று நன்றாக இருக்கும். நானா சொல்கிறேன் என்று சிரிக்காதே.

இங்கே வழக்கமான வேலைதான். சுரங்கக் கழிவுநீரைத் தேக்கியிருக்கும் மண்கரையின் அடியில் கசிவதைத் தினமும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நம் பெண் எழுதிய சீட்டைப் பின்னால் வைத்துப் பார்ப்பேன். "அப்பா சீக்கிரம் வா" என்பதைப் படிக்க முடிந்தால் கரை நன்றாக இருக்கிறது. மூன்று வருடமாகப் படித்தேன்.

இன்று காலை படிக்க முடியவில்லை, தண்ணீர் அவ்வளவு கலங்கல். கரையின் மண் உள்ளிருந்தே அரித்து வருகிறது. மேலாளரிடம் ஓடினேன். "மழைத் தண்ணிப்பா, ஊரைக் கூட்டாத" என்றார். மழை பெய்து பத்து நாளாகிறது.

கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, இதைக் கொண்டுவரும் லாரியிலேயே ஏறு. துணி எடுக்க நிற்காதே.

அபாயச் சங்கு இருக்கும் அறை பூட்டியிருக்கிறது. இப்போது அதை உடைக்கப் போகிறேன். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட்டேன், தப்புதான்.

அவள் கேட்டால், சீட்டு அப்பாவின் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்று சொல்.

உன் சொல்பேச்சுக் கேளாதவன்