மாதிரியில் செம்மறி ஆடு

சப்போரோ
நவம்பர் 18

அன்புள்ள கனாயோவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ஆவோமோரியில் நீயும் அத்தையும் நலமா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

லேபில் பெரிய ரகளை. எத்தனை முறை சொன்னாலும் நீ கொட்டாவி விடுவாய், இருந்தாலும் சொல்கிறேன். சிறுநீரக நோயை முன்கூட்டியே காட்டும் புரதத்தை நோயாளிகளின் சிறுநீரில் தேடுகிறோம். புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி நிறை நிறமாலைமானிக்குள் அனுப்பினால், அது ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, எது எந்தப் புரதம் என்று பட்டியல் தந்துவிடும். மூன்று வாரமாக அந்தப் பட்டியலின் உச்சியில் ஆட்டு ரோமப் புரதம்!

பேராசிரியர் நினோமியா காகிதத்தை என் மேஜையில் அறைந்தார். "யோவ் ஷுஹெய், சிறுநீர் கேட்டா ஆஸ்பத்திரியில ஆட்டை அனுப்புறாங்களா? இல்ல, நீ உள்ள பட்டி போட்டிருக்கியா?"

குழாய்களை மாற்றினோம். கருவியைக் கழற்றித் துடைத்தோம். ஆடு போகவில்லை. கடைசியில் பக்கத்து மேஜை ஹிசானோ அம்மாள் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வெள்ளைக் கோட்டின் கைக்கு வெளியே நீலக் கம்பளி எட்டிப் பார்த்தது. "அட பாவி மனுஷா! கம்பளி போட்டுட்டு மாதிரியத் தொடாதேன்னு புதுசா வர்றவங்களுக்கு வகுப்பு எடுக்கிறதே நீதானே?"

ஆமாம் கனாயோ, அதே ஸ்வெட்டர்தான். நீ இரண்டு மாதம் பின்னிக் கொடுத்ததை, ஆட்டைக் கட்டிப்பிடித்த மாதிரி குத்துகிறது என்று அத்தை முன்னால் வாய்க்கொழுப்பில் சொன்னேனே, அதுதான். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறுநாளிலிருந்து கோட்டுக்குள் ஒளித்துப் போட்டுக்கொண்டு போகிறேன். இப்போதும் குத்தத்தான் செய்கிறது. கழற்றத்தான் மனம் வரவில்லை.

மூன்று வார வேலை குப்பைக்குப் போயிற்று. காரணத்தைச் சொன்னதும் பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பட்டியலில் தன் முத்திரையைக் குத்தி நீட்டினார். "இதை உன் பொண்டாட்டிக்கு அனுப்பு. நீ சொன்னா நம்பமாட்டா, மெஷின் சொன்னா நம்புவா." இத்துடன் வைத்திருக்கிறேன். தேதிகளைப் பார். ஒரு வேலைநாள்கூட ஆடு விடுப்பு எடுக்கவில்லை.

இனி லேபில் ஸ்வெட்டருக்குத் தடை. வீட்டில் மட்டும்தான் போடலாம். போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்க ஆளில்லை.

அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஸ்வெட்டரின் இடது கை இரண்டு விரற்கடை அதிக நீளம், கனாயோ. நீ வந்துதான் குறைக்க வேண்டும்.

குத்தினாலும் கழற்றாத,
உன் ஷுஹெய்