உருக்கெண்ணெயும் ஊசியும்

அன்புள்ள ஷைஜா,

செல்லின் தோலே கொழுப்பு என்றால், நல்ல கொழுப்பைக் குடித்தால் செல் சரியாகிவிடாதா? உன் அத்தான் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. "இவ்வளவு வருசமா காலேஜுல கெமிஸ்ட்ரி எடுக்கிற, இது தெரியாதா?" என்று சிரிக்கிறார்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் அவர் கண்ணில் படும். அதனால் மின்னஞ்சல். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளியைக் கவனி. இங்கே மழை விடவில்லை. அத்தான் அஞ்சுகிராமத்தில் கடை திறக்க பஸ்ஸில்தான் போகிறார். பைக் ஓட்டினால் கண் மங்குகிறதாம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, போனில் உன் ஆராய்ச்சியைச் சொன்னாய். கணையத்தின் பீட்டா செல்லுக்குள் இன்சுலின் சின்னப் பைகளில் இருக்கிறது. பையின் தோலும் செல்லின் தோலும் ஒட்டித் திறந்தால்தான் அது ரத்தத்தில் கலக்கும். அப்படி ஒட்டுவதற்குத் தோலின் உட்புறத்தில் ஒருவகைக் கொழுப்பு, மிகக் கொஞ்சமாக, வேண்டும். கொலஸ்ட்ரால் கூடினாலும் குறைந்தாலும் காரியம் கெடும். நீ தெளிவாகத்தான் சொன்னாய். அவருக்குக் 'கொழுப்பு வேண்டும்' என்பது மட்டும் கேட்டிருக்கிறது. மறுநாளே உருக்கெண்ணெய் வாங்கிவிட்டார். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்து நாம் பிள்ளைகளுக்குத் தேய்ப்போமே, அதுதான். தினமும் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி.

ஊசி போட்டீர்களா என்றால் போட்டாச்சு என்பார். நேற்று ஃப்ரிட்ஜில் மீன் எடுக்கும்போது கவனித்தேன். இன்சுலின் பேனாவில் மருந்து போன வாரம் இருந்த கோட்டிலேயே நிற்கிறது.

குடிக்கிற எண்ணெய் குடலில் உடைந்துபோகும், அப்படியே கணையத்தில் போய் உட்காராது என்றேன். உடைந்ததில் கொஞ்சம்கூடவா போகாது என்றார். போகாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அதையே அவர் தன் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொண்டார்.

நான் சொன்னால் நச்சரிப்பு. ஜெர்மனியிலிருந்து நீ சொன்னால் விஞ்ஞானம். அடுத்த ஞாயிறு வரை காத்திராதே. உன் ஆய்வகத்துச் செல் வேறு, அவர் உடம்பு வேறு. ஊசியை விடச் சொல்லவில்லை என்று நீயே கூப்பிட்டுச் சொல். ஜெபத்தில் உன் அளவு நம்பிக்கை எனக்கில்லை. இருந்தாலும், கர்த்தர் உன்னையும் எங்களையும் காக்கட்டும்.

அக்கா,
லீமா

மறுநாள்.

நேற்று இதை அனுப்பவில்லை. காலையில் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துவந்தேன். மறுக்காமல் விரலை நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ததேயுஸுக்கு ஊசி தொடங்குன பொறவுதானே கால எடுத்தாவ" என்றார். ததேயுஸ் பக்கத்துக் கடைக்காரர். அவர் ஊசிக்குச் சம்மதித்ததே கால் புண் கறுத்த பிறகுதான் என்றேன். இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

சட்டையைத் தூக்கி, "நீயே போடு" என்றார். போட்டேன். எண்ணெய்க் குப்பியை அவரே அடுப்படியில் கொண்டு வைத்து, "நெத்திலி பொரி" என்றார். உடனே நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். காலையும் பார்க்கும்படி டாக்டரிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றும்போது அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

கால் நன்றாக இருக்கிறது.