மலைக்கு இந்தப் பக்கம் விற்காத ஃபோன்

ஜூன் 10, 2009, புதன்

இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, பெப்பரோனி ரோல், பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. மேலே இரண்டு வழக்கு, சாட்சிகள் கூட்டம். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்குப் பசி அதிகம். பொய்ச்சாட்சிக்கு இன்னும் அதிகம். பதினெட்டு வருஷமாகக் கோர்ட்டின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பதில் நான் கற்ற பாடம் இது.

துணை ஷெரிஃப் ராய்ஸ் காபிக்கு வந்தான். "வில்டாக்கா, விஷயம் தெரியுமா? ஊரே அலையுதே அந்தக் கண்ணாடி ஃபோன், புதுசா வர்றது பேசுமாம். விரல் பட்ட இடத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் படிச்சுச் சொல்லுமாம். கண்ணு தெரியாதவங்களுக்குன்னு உள்ளயே வச்சு விக்கிறானாம்."

"வர்ற சேதியையும் படிக்குமா?"

"எல்லாத்தையும் படிக்கும்கிறாங்க."

காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

ஜூன் 11

காபி ஏன் சிந்தியது என்று எழுதி வைக்கிறேன். இந்தப் பிரெய்ல் புள்ளி எழுத்தை வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. அந்த ஒரு சுகம் எனக்கு உண்டு.

எனக்குக் கண் தெரியாது. என் மகள் கெல்சிக்குக் காது கேட்காது. அவள் வீட்டில் இருந்தவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் என் உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாகப் பேசுவாள், நான் சைகையில் பதில் சொல்வேன். சண்டை வந்தால் என் உள்ளங்கை சிவந்துவிடும், அவ்வளவு வேகமாக எழுதுவாள். ரோசெஸ்டருக்குக் கல்லூரிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது இரண்டு வழிதான். அவள் என் ஃபோனுக்குச் சேதி அனுப்பினால் என் கணவன் டென்சில் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவள் தட்டச்சு செய்வதை யாரோ ஒரு ஆபரேட்டர் தொலைபேசியில் எனக்கு வாசிக்க வேண்டும். ஆபரேட்டருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். "இது 3318, உங்களுக்கு ஒரு அழைப்பு." பிறகு ஒரு ஆணின் குரல் "அம்மா, உன் ஞாபகமா இருக்கு" என்கிறது.

எப்படியும் நடுவில் ஒருவர் இருக்கிறார்.

ஜூன் 14

டென்சில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் படித்தான்: "இங்க மழை. நல்லா இருக்கேன். பரீட்சை முடிஞ்சுது. கெல்சி." வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரியே படிப்பான், பாவம். அவள் முன்பெல்லாம் இப்படி எழுதுகிற பெண் இல்லை. அப்பா கண்ணில் முதலில் படும் என்று தெரிந்தே எழுதுகிறாள். எதையோ மனசில் வைத்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்லக்கூடியதாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள்.

ஜூலை 11, சனி

மலை தாண்டி ஹாரிசன்பர்க் போனோம். டென்சில் கோழி இறைச்சி ஆலையில் ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு வண்டியை ஓட்டினான்.

கடைக்காரப் பெண் அந்த ஃபோனை என் கையில் கொடுத்தாள். பொத்தானே இல்லை, ஜன்னல் கண்ணாடித் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கோ அழுத்தி, பேச வைத்தாள். விரலை நகர்த்தினேன். "சேதிகள்" என்றது. அவளுடைய ஃபோனிலிருந்து ஏதோ அனுப்பினாள். "வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து வந்த சீமாட்டிக்கு வணக்கம்" என்று ஃபோனே படித்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

பிறகு அவள் எங்கள் தபால் எண் கேட்டாள். தட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க பள்ளத்தாக்குல எங்க சிக்னல் கோபுரம் இல்ல. அந்த முகவரிக்கு இணைப்புத் தர எங்களுக்கு அனுமதி இல்ல."

"மலைமேல ஒரு கோபுரம் இருக்கே?"

"அது வேற கம்பெனி. இந்த ஃபோனை நாங்க மட்டும்தான் விக்கலாம். ஒப்பந்தம் அப்படி."

திரும்பும்போது மலை உச்சியில் அந்தக் கோபுரத்தடியில் டென்சில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இதோ, தலைக்கு மேலயே நிக்குது சனியன்."

ஜூலை 14

ரோடாவிடம் கேட்டேன். ஊரில் அந்த மலைக் கோபுரக் கம்பெனியின் கடையை நடத்துகிறவள் அவள்தான். "தெரிஞ்சவங்க முகவரி குடுத்து வாங்கிக்கலாமான்னு கேக்காத. ராய்ஸோட தம்பி அப்படித்தான் வாங்கினான். எங்க கோபுரத்துல அந்த ஃபோன் வேலையே செய்யல, நாலாம் மாசம் வித்துட்டான்" என்றாள். அவள் விற்கிற ஃபோன்கள் தேதி, நேரம், பெயர் எல்லாம் சொல்லும். சேதி வந்தால் மட்டும் வாயடைத்துப் போகும்.

ஆகஸ்ட் 6

கடையில் இன்று பெரிய பட்டிமன்றம். ஆரம்பித்து வைத்தவன் ராய்ஸ்.

"ஒரு ஃபோன், ஒரே கம்பெனியா? இது அநியாயம். கார் வாங்கினா இந்த ரோட்டுலதான் ஓட்டணும்னு சொல்வானா?"

வக்கீல் ஹார்லன் விடுவாரா? "யாரும் நம்பாதப்ப அந்தக் கம்பெனிக்காரன் நம்பிப் பணத்தைக் கொட்டினான். மாட்டை வாங்கினவன் பாலைக் கறக்கக் கூடாதா? நாளைக்கு எல்லாரும் விக்கலாம்னா, அடுத்த தடவை எவன் துணிவான்?"

"கறக்கட்டும் சார். எங்க ஊருக்கு வந்து கறக்கட்டுமே!" என்றேன்.

"நீ பேசாத வில்டா. இந்தக் கட்டிடத்துல காபி விக்க உனக்கு மட்டும்தான் உரிமை. வேற ஒருத்தன் வந்து ஒரு பிஸ்கட் விக்க முடியுமா? கண்ணு தெரியாதவங்களுக்குன்னு சட்டம் போட்டுக் காப்பாத்தறாங்க உன்னை. உன் காபியைப் பத்தி நான் வாய் திறந்தேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது முள்ளாய்க் குத்தியது. மனுஷன் சொன்னதில் தப்பில்லையே? ஆனால் என் கடை பிடிக்காவிட்டால் தெருவைத் தாண்டிப் போய்க் குடிக்கலாம். நான் எந்தத் தெருவைத் தாண்டுவது?

செப்டம்பர் 20

ஆபரேட்டர் 3318 மறுபடி. கெல்சிதான்.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா" என்றது அந்த ஆண்குரல். இல்லை, ஆலைக்குப் போயிருக்கிறார் என்றேன். பிறகு அவன், காய்கறி விலை சொல்கிற குரலில்: "அழுகிறார்."

"என்னடி ஆச்சு?" என்று கத்தினேன். அவன் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"இந்த ஆள் வழியா சொல்ல முடியாதும்மா" என்று அந்த ஆளே வாசித்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வேலை அது. ஆனால் என் பிள்ளை அழுகிறாள் என்பதை எனக்கு ஒரு எண் சொல்ல வேண்டியிருக்கிறதே.

செப்டம்பர் 21

தூங்கவில்லை. என்ன அது? உடம்பா? யாராவது பையனா? படிப்பை விட்டுவிட்டாளா? நேரில் போகலாம் என்றால் டென்சிலுக்கு விடுப்பு இல்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் அவள் வருவாள், உள்ளங்கை அதுவரை காத்திருக்கணும்.

அக்டோபர் 5

ரோடா கடைக்கு வந்தாள். பதினைந்தாம் தேதி செனட்டரின் அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறாராம். ஒரு ஃபோனை ஒரே கம்பெனி வைத்துக்கொள்வது சரியா என்று மக்கள் கருத்தைக் கேட்கப் போகிறாராம். அதுவும் எங்கள் கோர்ட்டில், மேல் மாடியில்.

"நீ பேசணும் வில்டா. நான் பேசினா வியாபாரிம்பாங்க. நீ பேசினா யாரும் மறுத்துப் பேச முடியாது."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ரோம்னியில் மாநிலப் பள்ளியில் படித்தபோது, மானியம் வேண்டும் என்றால் எங்களைச் சட்டசபைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கண் தெரியாத பிள்ளைகள் பாட வேண்டும், காது கேளாத பிள்ளைகள் அதையே சைகையில் காட்ட வேண்டும். கனவான்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒன்பது வயதிலேயே சபதம் எடுத்தேன், இனி எவன் முன்னாலும் காட்சிப்பொருளாக நிற்கமாட்டேன் என்று.

அக்டோபர் 15, வியாழன்

நின்றேன்.

அந்த ஃபோனை விற்கிற கம்பெனியின் வக்கீல் முதலில் பேசினார். இனிமையான குரல். "இன்னும் ரெண்டே வருஷத்துல இதே மாதிரி பத்து ஃபோன் வரும். பொறுமையா இருங்க" என்றார். இரண்டு வருஷம்! கெல்சியின் அழுகை அதுவரை பொறுமையாக இருக்குமா?

எழுதி வைத்துக்கொண்டு போனதை எல்லாம் மறந்துவிட்டேன். 3318 பற்றிச் சொன்னேன். "அழுகிறார்" என்று அவன் வாசித்ததை அதே குரலில் சொன்னேன். இந்த ஆள் வழியாகச் சொல்ல முடியாது என்று என் மகள் சொன்னதையும் சொன்னேன். பிறகு ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

ரோடா கட்டிக்கொண்டாள். "கலக்கிட்ட!" ஹார்லன்கூடக் கையைப் பிடித்து, "நான் சொன்னது வாதம், நீ சொன்னது வாழ்க்கை" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது உண்மை.

அக்டோபர் 22

வாரப் பத்திரிகையில் முதல் பக்கமாம். தலைப்பு: "காது கேளாத மகள் அழுதாள், கண் தெரியாத தாயிடம் எண் ஒன்று சொன்னது." கெல்சியின் பெயர், கல்லூரி, எல்லாம் போட்டிருக்கிறதாம். டென்சில் படித்து முடித்துவிட்டு, "அவ அழுதாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே நீ" என்றான்.

அக்டோபர் 24

சேதி வந்தது. டென்சில் படிக்கத் தயங்கினான். படி என்றேன்.

"பேப்பரைப் பார்த்தேன். என்கூடப் படிச்சவங்க எல்லாரும் பார்த்தாச்சு. நான் உன்கிட்ட அழுதேன் அம்மா. ஊர்கிட்ட அழல."

அவ்வளவுதான்.

என்ன பண்ணிட்டேன் நான். ஒருத்தர் நடுவுல இருக்காருன்னுதானே புலம்பினேன்? நானே போய் ஊர் முழுசையும் கொண்டு வந்து நடுவுல உட்கார வச்சுட்டேன்.

டிசம்பர் 26, 2009

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. தோழி வீட்டில் இருக்கிறாளாம்.

மார்ச் 3, 2010

டென்சிலிடம் மூன்று தடவை மன்னிப்பு எழுதச் சொன்னேன். நான் சொன்னதை எப்படி எழுதினான் என்று எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டால், "நீ சொன்னதைத்தான்" என்கிறான். பதில்: "பரவால்ல. வேலை இருக்கு."

ஆகஸ்ட் 19

வாஷிங்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரோடா, "ஆய்வு பண்றாங்களாம்" என்கிறாள். கிணற்றில் போட்ட கல்.

நவம்பர் 30

இப்போது அவள் வேலை செய்துகொண்டே படிக்கிறாள் என்று டென்சிலுக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு அல்ல. அவனுக்கு. ஆனால் அவன் எனக்குப் படித்துக் காட்டுகிற என் ஃபோனுக்கு.

ஜனவரி 11, 2011

மதியம் ராய்ஸ் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். "வில்டாக்கா! அந்தக் கண்ணாடி ஃபோனைக் கோபுரக் கம்பெனிக்கும் குடுக்கறாங்களாம்! அடுத்த மாசம் பத்தாம் தேதி!"

யார் வென்றார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். எந்தச் சட்டமும் வரவில்லை, எந்த செனட்டரும் எதுவும் செய்யவில்லை. ஃபோன் செய்கிறவர்களும் கோபுரக் கம்பெனிக்காரர்களும் பேசி முடித்துக்கொண்டார்களாம். நான் எழுந்து நின்று பேசியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மகளைக் கொடுத்தது வீண் செலவு.

பிப்ரவரி 12

ரோடா முதல் ஃபோனை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். இரண்டு நாளாகப் பழகுகிறேன். ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டியிருக்கிறது. 'ம'வைத் தேடினால் 'ந' என்கிறது, திட்டினால் அதையும் படிக்கிறது.

பிப்ரவரி 13

நாற்பது நிமிஷத்தில் ஒரு சேதி எழுதினேன். யாரும் உதவவில்லை.

"நான்தான். அப்பா இல்லை, ஆபரேட்டர் இல்லை. உன் அழுகையை ஊருக்கு எடுத்துக் கொடுத்தது தப்பு. உனக்கு எப்ப தோணுதோ அப்ப எழுது. எழுதாட்டியும் சரி."

பிப்ரவரி 20

இல்லை.

பிப்ரவரி 27

இல்லை.

மார்ச் 6

இன்று டென்சில் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தான், இறங்கவில்லை. என்ன என்றேன். "அவ ஏதாச்சும் எழுதினா இனிமே எனக்குத் தெரியாதுல்ல" என்றான்.

முட்டாள் நான். இத்தனை வருஷமும் அவனை எங்களுக்கு நடுவே நிற்கிறவன் என்றே நினைத்தேன். மகள் என்று அவனுக்கு மிச்சமிருந்ததே எனக்குப் படித்துக் காட்டுகிற அந்த நாலு வரிதான்.

மார்ச் 19, சனி

காலை பத்து மணிக்கு ஃபோன் அதிர்ந்தது. காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

"அம்மா? நெஜமாவே நீ மட்டும்தானா?"

ஆமாம் என்று எழுதினேன். தப்பில்லாமல் எழுத இரண்டு தடவை அழித்தேன்.

பிறகு பெரிய சேதி வந்தது. ஃபோனை மூன்று தடவை படிக்க வைத்தேன். இயந்திரக் குரல்தான், உயிரில்லாத குரல்தான், ஆனாலும் அது யாருக்கும் சொல்லாது. அவள் அன்றைக்கு எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

டென்சில் வாசலில் வந்து நின்றான். "அவதானே? என்ன சொல்றா?"

"எனக்கு எழுதியிருக்கா."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. நீயே கேளேன் அவளை. உன் பேர்ல, உன் ஃபோன்ல."

"நான் என்னத்த எழுத. எனக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது கூடத்தில் அவனுடைய பழைய ஃபோனின் பொத்தான் சத்தம் கேட்கிறது. ஒரு எழுத்துக்கு மூன்று அழுத்தல், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு அழிக்கிற சத்தம். அரை மணி நேரமாக நடக்கிறது. என்ன எழுதுகிறாய் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.