உன் அப்பா முன்னால் இறங்கிய நாள்

அன்பு மகள் மிரெல்லாவுக்கு,

பனிமாதா புண்ணியத்தில் உன் அப்பாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், இரண்டு பேரும் என்று எழுதும்போது இந்த முறை பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன், ஏன் என்று பின்னால் வருகிறேன். நீயும் மருமகனும் மாண்ட்ரியாலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மலைமேல் விடுதி நிறைய ஆட்கள், களி கிண்டிக் கிண்டி என் தோள்பட்டை தனியே கழன்று வந்துவிடும் போல இருக்கிறது. கீழிருந்து கம்பியில் சாமான் ஏற்றுகிற தொட்டி போன வாரம் பாதியில் நின்றுபோய், மாவு மூட்டையும் பாலாடைக்கட்டியும் பள்ளத்தாக்குக்கு நடுவே ஊஞ்சலாடின, காக்கைகளுக்குத்தான் திருநாள். அது கிடக்கட்டும். காலையில் எழுந்தால் பின்மண்டை வலிக்கிறது, அந்த ஊர்ப் புழுக்கம்தான் காரணம் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

பனிமாதா திருநாளுக்கு மறுநாள் டாக்டர் பியா வந்தாள். கீழே ஆஸ்பத்திரியில் இருக்கிறாளே, என் தோளுயரம்கூட இல்லாத, பெரிய கண்ணாடி போட்ட பெண், அவள்தான். மலைச் சங்கத்துக்காரர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், உயரம் போகப் போக அழுத்தம் கூடுமாம், தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாமல் ஏறுகிறவர்கள்தான் அதிகமாம். கொடிமரத்துக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தாள். மரங்கள் முளைக்காமல் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே நம் வழக்கப்படி யாருக்கும் நீங்கள் கிடையாது, எல்லோரும் நீதான், அவளும் அப்படியே பேசினாள். மறுநாள் உன் அப்பா வழிகாட்ட, பனியாறு தாண்டி உச்சிக்குப் போவதற்காக டூரினிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த மனிதர், "மூச்சு வாங்கி வந்திருக்கேன், இப்பப் பாத்தா கூடத்தான் காட்டும்" என்று நழுவினார். பியா விடவில்லை. "மூச்சு ஆறட்டும், எனக்கு அவசரமில்ல. முதுகைச் சாய்ச்சு, காலை ஊனி, வாயை மூடிட்டு உக்காரு" என்றாள். உடனே அவர் மனைவி, "அந்த மிஷினை எனக்கு வித்துடு டாக்டர், இவர் வாயை மூட கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு வழி தேடிட்டிருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்த மனிதர் மட்டும் உட்காராமல் முறைத்துக்கொண்டே நின்றார்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கூட்டம் சிரித்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "இதுக்கா பயம்? மலைக்காரன் நெஞ்சு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துக்கங்க" என்று போய் உட்கார்ந்தார். பியா பட்டையைக் கட்டினாள். பார்த்தாள். மறு கையிலும் கட்டினாள். அவரைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தாள். மேல் எண் இருநூறுக்குக் குறையவே இல்லை. "பேட்டரி போயிருக்கும்" என்றார் உன் அப்பா. அவள் சிரிக்காமல், "காலையில தலை வலிக்குதா?" என்று கேட்டாள். "தெக்கத்திக் காத்து அடிச்சா இங்க யாருக்குத்தான் வலிக்காது" என்றார் இவர். நாமும் அப்படித்தானே சொல்வோம், தலைவலி என்றால் காற்று, தூக்கமில்லை என்றால் காற்று, மாமியார் கோபித்தாலும் காற்று. பியா தலையைத் தூக்கிக் கொடிமரத்தைப் பார்த்தாள். "கொடி தூங்குது செவெரீனோ. காத்து எங்க?" என்றாள். அந்த மாதம் முழுக்கவே காற்று இல்லை மகளே, தலைவலி மட்டும் இருந்தது.

அவள் அடுப்படிக்கு வந்து என்னிடம், "இந்த அழுத்தத்தோட நாளைக்கு ஏறினா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம், நெஞ்சும் நிக்கலாம். கயித்துல பின்னால ரெண்டு உசுரு கட்டியிருக்கும் ஒர்சோலா" என்றாள். நான் அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பியா ஹெலிகாப்டரைக் கூப்பிடலாம் என்றதுமே அவர், "அதுல இறங்கினா ஊர்ல எனக்குச் சாவு மணியடிச்சிடுவாங்க" என்று பனிக்கோடாலியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பியா அந்தக் காரியம் செய்தாள். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தாள், ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினாள், மறுமுனையை அவர் இடுப்பில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சாகப் போட்டாள். போட்டுவிட்டு, "திரும்பு" என்றாள். அவ்வளவுதான்.

ஒரே கயிற்றில் கட்டியிருப்பவர்களில் யார் திரும்பு என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும், காரணத்தை விடுதிக்கு வந்து சூப்பு குடித்துவிட்டுத்தான் கேட்கலாம், இது நீ நடை பழகும்போதே கேட்ட சட்டம். போன வருஷம் பியாவை மேலே கூட்டிப் போனபோது, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் அவள் திரும்பு என்றதும் உன் அப்பா ஒரு முணுமுணுப்பு இல்லாமல் திரும்பினார். கீழே வந்து, பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை என்று அவள் தலைகுனிந்தபோது, "பயம் போதுமான காரணம்தான், சூப்பைக் குடி" என்றார். அதை அவள் மறக்கவில்லை பார். இவர் கோடாலியைக் கீழே வைத்தார். அந்த டூரின்காரர் ஓசைப்படாமல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேசை முன்னால் போய் உட்கார்ந்தார்.

பியா மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்க வைத்து, நெஞ்சுவலியோ கிறுகிறுப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஜீப் பாதை வரை மெல்ல நடத்திக் கூட்டிப் போனாள். இறங்கும்போது வழிகாட்டி பின்னால் வருவார், நம்பி வந்தவர் முன்னால் போவார். எங்கள் கல்யாணமான காலம் முதல் உன் அப்பா முன்னால் இறங்கி நான் பார்த்ததில்லை. அன்று அவர் முன்னால், அந்தச் சின்னப் பெண் பின்னால் கயிற்றைச் சுருள் பிடித்துக்கொண்டு. கரண்டியோடு வாசலில் நின்று வளைவு திரும்பும்வரை பார்த்தேன். எவ்வளவு பெரிய மனுஷி.

கீழே ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இருதயச் சுவர் தடித்திருக்கிறதாம், நல்ல வேளையாகத் தெரிந்தது என்றார்கள். இப்போது மாத்திரையில் அழுத்தம் இறங்கியிருக்கிறது, உப்பைக் குறைத்ததில் என் களிக்குத்தான் வசை, இந்தப் பருவம் பனியாறு கிடையாது, உச்சிக்குப் போகிறவர்களை வேறு வழிகாட்டி கூட்டிப் போகிறார்.

உன் தலைவலி வரியை வாசித்ததும் அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு, "அந்த ஊர்ல புழுக்கமாம், இந்த ஊர்ல காத்தாம். உடம்புல ஓடறது ஒரே ரத்தம். நான் கயித்தோட இந்த முனையில இருக்கேன், திரும்புன்னு சொல்றேன்னு எழுது" என்றார். ஆகவே இந்த வாரமே போய்ப் பார்த்துக்கொள், காப்பி குடித்துவிட்டுப் போகாதே, பேசாமல் உட்கார், இரண்டு கையிலும் பார்க்கச் சொல். மருமகனையும் இழுத்துப் போ. பனிமாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். ஏன் எதற்கு என்பதையெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வரும்போது சூப்பு குடித்துவிட்டுக் கேள்.

உன் அம்மா,
ஒர்சோலா