அத்தா, நான் போலீசுக்குப் போன் செய்தேன்

அன்பு அத்தாவுக்கு,

உங்கள் மீது இறைவனின் அமைதி நிலவட்டும். நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. மனசுக்குள் உங்களோடு பேசாத நாளே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை எழுதித்தான் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் படிக்கும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் போலீசுக்குப் போன் செய்தேன். நம் சாதிக்குக்காக, என் தம்பிக்காக.

தம்பி நன்றாக இருக்கிறான். நீங்கள் பதறுவீர்கள் என்று தெரியும், அதனால் அதையும் இப்போதே சொல்லிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது; அத்தா என்றால் அப்பா என்பதுகூடச் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்றீர்கள். ராஜபாளையத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போவீர்கள். ஒரு சேலையைப் பாதி விரிக்கும்போதே வாங்க வந்தவளின் முகத்தைப் பார்த்து, இது ஆகாது, அடுத்ததை எடுக்கலாம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் பத்தாவது படித்தபோது ஓர் ஆடி மாதம் உங்களுக்குத் தூக்கம் போனது. ஐந்து நாள் கண் மூடவில்லை. பேச்சு நிற்கவில்லை. தள்ளுபடி விற்பனை அலைச்சல் என்று அம்மா நினைத்தாள். ஆறாம் நாள் நீங்கள் கடை வாசலில் நின்றுகொண்டு, தெருவில் போகிற பெண்களுக்கெல்லாம் பட்டுச்சேலைகளைத் தூக்கிக் கொடுத்தீர்கள். “எடுத்துக்கோங்க தாயி, எல்லாம் ஒங்களுக்குத்தான்!”

யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது. “குடிச்சிருக்கான்” என்றார்கள். அந்த வாடையையே அறியாத உங்களை. எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப்போவதில்லை; இன்று அங்கே இருப்பவர்கள் வேறு மனிதர்கள். அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. உங்கள் இரண்டு கைகளையும் நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அடித்ததைக்கூட நான் மறந்துவிடுவேன் அத்தா. நீங்கள் அப்படித் திரும்பிக்கொண்டதை எப்படி மறப்பது?

மதுரை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தெளிந்தீர்கள். வேறு கடையில் வேலை, எங்கள் படிப்பு, என் கல்யாணம் என்று எல்லாம் நடந்தது. காக்கி நிறத்தைக் கண்டால் வருகிற நடுக்கம் மட்டும் போகவில்லை. கண்டக்டரின் சட்டையைப் பார்த்தால்கூட உங்கள் விரல்கள் ஆடும். அதனால்தான் பஸ்ஸை விட்டுவிட்டு, கடைசிவரை வெயிலில் அந்த மொபெட்டில் போய்வந்தீர்கள். அந்த நாளைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாதிக்குக்கு இருபத்து மூன்று வயதில் அதே நோய் தலைகாட்டியபோது மட்டும் என்னைத் தனியாக அழைத்து, “என்ன ஆனாலும் போலீசக் கூப்புடாத மும்தாஜ். எனக்கு வாக்குக் குடு” என்றீர்கள். கொடுத்தேன்.

அந்த வாக்கைத்தான் மீறினேன்.

போன வருடம் சாதிக்குக்குப் பெண் பார்த்தோம். கடையநல்லூர்ப் பக்கம், நல்ல குடும்பம். நூல் மில்லில் ஃபிட்டர் வேலை என்றதும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. மாத்திரை சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று தெரிந்தால் என்ன ஆகும்? நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவன் எங்களைவிட ஒரு படி மேலே போய் மாத்திரையையே நிறுத்திவிட்டான். எங்களுக்கு அது தெரியாது. மூன்றாவது வாரம் தூக்கம் கெட்டது. மில்லில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று இருந்தேன். மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பதினோரு மணி இருக்கும். என் இ-சேவை மையத்தில் ஒரு பாட்டிக்கு பென்ஷன் மனு ஏற்றிக்கொண்டிருந்தேன். சாதிக் நம்பரிலிருந்து போன். பேசியது வேறு குரல்.

“தாயி, பைக்குல கெடந்த இந்தப் போன்ல அக்கான்னு போட்டிருந்துச்சு. நான் சேத்தூர்ல இருந்து கருப்பசாமி பேசுதேன். ஒரு பய எங்க தோட்டத்துக் கெணத்து மேட்டுல உக்காந்திருக்கான். கையில அருவா. தேங்கா வெட்டுத ஆளுகிட்ட இருந்து புடுங்கிட்டான். கிட்ட போனா குதிச்சிருவேங்கான். ஒங்க தம்பியா? போலீசுக்குச் சொல்லட்டுமா?”

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று உங்களிடம் மறைக்கமாட்டேன். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஜன்னல் கம்பி கண்ணில் நின்றது. ஆனால் நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கூட்டத்தில் யாராவது கம்பைத் தூக்கிவிட்டால்? அவன் குதித்துவிட்டால்? “நீங்க சொல்ல வேண்டாம்ணே. நானே சொல்லுதேன்” என்றேன்.

நூறுக்கு அடித்தேன். இடத்தைச் சொல்லிவிட்டு, நான்கு விஷயங்களை மனுவில் எழுதுவதுபோல அடுக்கிச் சொன்னேன். அவன் குடிக்கவில்லை, திருடன் இல்லை, மனநோய்க்காரன், மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் ஒரு பெண் குரல் திரும்ப அழைத்தது. எஸ்.ஐ. செல்வராணி என்றார். “எங்க இருக்கீங்க? தென்காசி ரோட்டுக்கு வந்து நில்லுங்க. ஒங்களையும் ஏத்திக்கிட்டுப் போறோம்.”

போலீஸ் ஜீப்பில் ஏறினேன் அத்தா. முன்னால் அந்த அம்மா. பின்னால் என்னோடு நரைத்த மீசை வைத்த ஓர் ஏட்டு. வழி நெடுக அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். என்ன மாத்திரை? இதற்கு முன்னால் யாரையாவது தாக்கியிருக்கிறானா? எதைச் சொன்னால் பயப்படுவான்? “கயிறு” என்றேன். ஏன் என்றார். உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். இருபது வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துப் பக்கம் திரும்பும்போது அவர் டிரைவரிடம் சைரனை அணைக்கச் சொன்னார்.

ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கையில் செல்போன், வீடியோ. செல்வராணி அம்மா முதலில் அவர்களை வரப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். தொப்பியையும் லத்தியையும் ஜீப்பில் வைத்துவிட்டு, கிணற்றுக்குப் பதினைந்து அடி தள்ளி மண்ணில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சாதிக் மோட்டார் மேடையில் காலைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை பூராவும் வேர்வை.

“சாதிக், நான் செல்வராணி. அக்காவைக் கூட்டியாந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தண்ணி குடிக்கியா?”

அவன் அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தான். “நீங்க போலீசு. எங்கத்தாவக் கட்டிப் போட்டீங்க” என்றான்.

“ஆமா. அக்கா சொன்னாங்க. அது தப்பு.”

“ஜீப்புல கயிறு இருக்கா?”

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“இருக்கு” என்றார். “வண்டி கட்டி இழுக்குற கயிறு.” டிரைவரைக் கூப்பிட்டு அதை எடுத்துவரச் சொல்லி, சாதிக் பார்க்கவே கருப்பசாமி அண்ணன் கையில் கொடுக்கவைத்தார். அவர் அதை மோட்டார் ரூமுக்குள் போட்டுப் பூட்டினார்.

அப்போதுதான் ஒரு தவறு நடக்கப் பார்த்தது. ஏட்டு சுற்றிக்கொண்டு தென்னைகளுக்குப் பின்னால் போய், அவன் முதுகுப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். பாய்ந்து பிடித்துவிடலாம் என்ற எண்ணம். சாதிக் நிழலைப் பார்த்துவிட்டான். அருவாளோடு விருட்டென்று எழுந்தான். ஒரு கால் மேடையின் விளிம்பில் வழுக்கியது. நான் அலறிவிட்டேன்.

“ஏட்டையா!” செல்வராணி அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. “அங்கேயே உக்காருங்க. கீழ. மண்ணுல.”

அவர் உட்கார்ந்தார். அத்தா, காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷன், கத்தரிச் செடிக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சாதிக்கும் பார்த்தான். அவனும் மறுபடி உட்கார்ந்தான்.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா அதிகம் பேசவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்காதபோது சும்மா இருந்தார். மில்லில் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை என்று வாதாடவில்லை; பேசுவதாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. “தூங்கி எம்புட்டு நாளாச்சு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அவன் அழுதான்.

“அருவாவக் குடுத்தா அடிப்பீங்க.”

“என் கையில தர வேண்டாம். கெணத்துல போட்ரு.”

போட்டுவிட்டான். ‘தொம்’மென்று சத்தம் கேட்டதும் வரப்பிலிருந்து தேங்காய் வெட்டுகிறவர், “ஏலே, எம் பொழப்பே அதுதாம்லே!” என்று கத்தினார். கருப்பசாமி அண்ணன் அவரை அதட்ட, கூட்டம் சிரிக்க, சாதிக்கும் அழுகையோடு சிரித்துவிட்டான். நான் போய் அவன் கையைப் பிடித்தேன். நெருப்பாய்க் கொதித்தது.

விலங்கு இல்லை. ஜீப்பில் எனக்கும் ஏட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தான். ஸ்டேஷனுக்குப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு. மனநோய்க்காரரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது அத்தா. அன்று உங்களுக்கு அது இருந்திருந்தால் என்று எத்தனை தடவை நினைத்துவிட்டேன். டாக்டர் ஊசி போட்டு அவன் தூங்கும்வரை அந்த அம்மா வராந்தாவில் நின்றார்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தான். கடையநல்லூர்க்காரர்களிடம் நானே போய் உள்ளதைச் சொன்னேன். சம்பந்தம் விட்டுப்போனது. அம்மா ஒரு நாள் பூராவும் அழுதாள். சாதிக், “போட்டும்க்கா. ஒளிச்சு ஒளிச்சு மாத்திர திங்குற வேல மிச்சம்” என்றான். மில்லில் அவன் மேஸ்திரி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இரவு ஷிஃப்ட் மட்டும் கிடையாது.

நன்றி சொல்ல ஸ்டேஷனுக்குப் போனேன். செல்வராணி அம்மா நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை, வேலை கொடுத்தார். “நீங்க ஜீப்புல சொன்னதை எங்க ஆளுகளுக்கும் வந்து சொல்லுங்க.” ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபது போலீஸ்காரர்கள் முன்னால் நின்று, உங்கள் பேரைச் சொல்லி, உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை.

முடிந்ததும் அந்த ஏட்டு வெளியே வந்தார். நீங்கள் கட்டப்பட்ட அந்த ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் தானும் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

“எங்கத்தாவக் கட்டுனது நீங்களா?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். “சத்தியமா ஞாபகம் இல்லம்மா. அப்ப அப்பிடி எம்புட்டோ பேரக் கட்டியிருக்கோம்.” அதற்குப் பிறகு, “அவிய இருக்காகளா?” என்றார். இல்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் சார்பில் நான் மன்னிக்க முடியுமா? நீங்கள் ஆயுள் முழுக்கச் சுமந்ததை அவர் ஞாபகத்தில்கூட வைத்திருக்கவில்லையே. அதே மனுஷன் அன்று செல்வராணி அம்மா சொன்ன ஒரு சொல்லுக்கு மண்ணில் உட்காரவும் செய்தார். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இன்னொன்றும் என்னை விடுவதில்லை. அன்று டியூட்டியில் வேறு யாராவது இருந்திருந்தால்? நல்ல மனுஷி வந்ததால் தப்பித்தோம் என்பது போதாது. யார் வந்தாலும் தப்பிக்க வேண்டும். அதற்காக என் மையத்தில் ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்திருக்கிறேன். பேர், நோய், மாத்திரை, டாக்டர், எதைக் கண்டால் பயம், எப்படிப் பேசினால் அடங்குவார். அவ்வளவுதான். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி ஸ்டேஷனில். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு அம்மா மகனுக்காக வந்து எழுதிப் போனார். கான்சாபுரத்திலிருந்து ஒருவர் தன் மனைவிக்காக வந்தார். வாசலில் தயங்கி நிற்பார்கள். “எங்க வீட்லயும் உண்டு, உள்ள வாங்க” என்பேன். உடனே வந்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல ஸ்டேஷன்காரர்களையும் ஒன்றாகக் கூட்டி ஒரு பயிற்சி வைக்கிறார்கள். என்னைப் பேச அழைத்தார்கள். நேற்று அதற்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சாதிக் எட்டிப் பார்த்தான்.

“நீ எழுதாதக்கா. கெணத்து மேட்டுல உக்காந்திருந்தது நான்தான? நான் பேசுதேன்.”

உங்களுக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் அவனுக்கு நாக்கு திக்கும். மாத்திரையினால் இப்போது வார்த்தை இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

அன்றைக்கு முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருப்பேன் அத்தா. அவன் பாதியில் நின்றாலும் எழுந்து போய் நான் முடித்துவைக்கமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அந்த மண்டபம் நிறையக் காக்கிச் சட்டைகள் காத்திருக்கட்டும். அவன் சொல்லை அவனே தேடி எடுப்பான். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
மும்தாஜ்
ராஜபாளையம்