நொண்டியனின் கூண்டு

அன்பு மகளுக்கு,

நொண்டியன் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தாய்.

நீ அவனைச் சேர்த்துவிட்ட நாய்கள் காப்பகத்துக்கு நன்கொடை நின்றுவிட்டது. தீனிக்கே வழியில்லை. கிழமாகி, யாரும் வீட்டுக்கு அழைத்துப் போகாத அவனுக்கு நாளை ஊசி என்று, நானும் இருக்கிற காப்பகக் குழுவில் முடிவானது. நானும் கை தூக்கினேன். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"வயசானா ஊசி போட்டுக் கொல்றதுன்னா அடுத்தது நான்தாம்மா," என்றார் அங்கே சமைக்கும் பெரியவர். நான் சிரிக்கவில்லை.

இதுவரை நேற்று எழுதியது; அனுப்பவில்லை. இன்று காலை டாக்டர் வந்தபோது நான் கூண்டுக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், வெளிய வாங்க."

"ஊசிய பைக்குள்ள வைங்க டாக்டர். நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

காப்பகத்தில் தீனிக்கு இன்னும் வழியில்லை. நொண்டியன் உன் கட்டிலில் குறட்டை விடுகிறான்.

உன் அம்மா